சாலமண்டருக்கு ஒரு மாளிகை

மனித நாகரிகம் என்பது ஈரத்துக்கு எதிராக மனிதன் நடத்திவரும் மாபெரும் போர். குகையை விட்டு வெளியே வந்தது, கூரை போட்டது, சுவர் எழுப்பியது எல்லாம் அந்தப் போரின் வெற்றிச் சின்னங்களே. அந்தப் போரின் தலைசிறந்த தளபதி இன்னும் நம்மிடையே வாழ்கிறார். அன்று காலை அவர் தம் வீட்டுக் கூடத்தில், விருது அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டு, பழைய பனியனால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தொழிலால் அவர் ஆர்க்கிடெக்ட். 'எங்கள் சுவர்கள் அழுவதில்லை' என்று அலுவலக வாசலில் பித்தளை எழுத்தில் பதித்து வைத்திருப்பவர். சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறாத கட்டடம் என்பது அவருடைய கொடி, கொள்கை, கல்யாண வீட்டுப் பேச்சு எல்லாம். ஊழியர்கள் அவருக்கு 'வறட்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சம்பளம் தருகிறவர் என்பதால் 'ஆர்' விகுதி சேர்த்து 'வறட்சியார்' என்றார்கள்.

அப்படிப்பட்டவர் தாமே வரைந்து தாமே கட்டிய வீட்டின் கூடத்துச் சுவரில், குடிவந்த மறுவருடமே உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் எட்டிப் பார்த்தது. குழாய்க்காரரைக் கூப்பிட்டால் காலையில் வந்தவர் மாலைக்குள் தொழில் வட்டாரம் முழுக்கச் சொல்லிவிடுவார். வைத்தியர் வீட்டிலேயே இருமல் என்றால் மருந்து விற்குமா? ஆகவே வறட்சியார் ஓர் அலமாரி செய்து அந்தச் சுவரை மறைத்தார். அதில் விருதுகளை அடுக்கினார். அவ்வப்போது நகர்த்தித் துடைக்க வசதியாக அடியில் சக்கரம் வைத்தார். ஓதம் வளர வளர அலமாரியும் வளர்ந்தது.

"இன்னும் ரெண்டு விருது வாங்கினீங்கன்னா கூரையையும் மூடிடலாம்" என்பாள் அவர் மனைவி. அவள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை.

அவளால்தான் அந்த வீட்டுக்குச் சாலமண்டர் வந்தது. மாற்றலாகிப் போன சக ஆசிரியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவள் கையில் கொடுத்து, "பத்திரமா பாத்துக்கங்க, வாயில்லாத ஜீவன்" என்று கண்கலங்கிவிட்டுப் போனாள். டப்பாவுக்குள் கறுப்பு உடம்பும் மஞ்சள் புள்ளிகளுமாக, இப்போதுதான் எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் மின்னிக்கொண்டு ஒன்று கிடந்தது.

மாடியில் குடியிருந்த மாமனார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பல்லிக்கு யாரு மாப்ள இவ்வளவு பவுடர் அடிச்சது?"

"பல்லி இல்லப்பா, சாலமண்டர். தவளைக்குச் சொந்தம்" என்றாள் மகள்.

"எங்க சொந்தத்துல இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார்.

வேறு நேரமாக இருந்தால் வறட்சியார் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் நகரத்து உயிரியல் பூங்காவில் தவளை, சாலமண்டர் வகையறாவுக்குப் புதிதாக ஒரு கூடம் கட்டப் போகிறார்கள். அதை வரைய இவரும் விண்ணப்பித்திருந்தார். பூங்கா இயக்குநர் அம்மையார் ஒவ்வொருவருடைய வேலையையும் நேரில் பார்த்து முடிவு செய்வாராம். வறட்சியாரிடம் வங்கி உண்டு, மண்டபம் உண்டு. தவளை சம்பந்தமாகக் காட்ட ஒரு செங்கல்கூடக் கிடையாது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அது அவருடைய போட்டியாளருக்குப் போகும். அந்தப் போட்டியாளர் ஒரு காலத்தில் இவரிடம் பென்சில் சீவிக் கொடுத்தவர். நினைத்தாலே வறட்சியாருக்குத் தொண்டை வறண்டது.

"அதுக்கு நான் வீடு கட்டறேன்" என்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "வீடெல்லாம் வேணாங்க. ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில கொஞ்சம் மண்ணு, மேல பாசி. ஒளிஞ்சுக்க ஒரு உடைஞ்ச பூந்தொட்டி ஓடு. வெயில் படாத மூலை. இறுக்கமா ஒரு மூடி. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு நினைக்கிறவங்களாலதான் உலகம் இப்படி இருக்கு" என்று வறட்சியார் பென்சிலைக் கையில் எடுத்தார்.

மாளிகை எழுந்தது. இருபுறமும் தூண்கள். நடுவில் வளைந்து இறங்கும் படிக்கட்டு. தரையில் பளபளவென்று வெள்ளைக் கல். மேலே நட்சத்திரம்போல் குட்டிக் குட்டி விளக்குகள். காற்றோட்டத்துக்கு ஒரு சின்ன விசிறி. மூடி மட்டும் இல்லை. "மூடிங்கறது சிறைச்சாலையோட மொழி. நம்மது திறந்த முற்றம்" என்று விளக்கம் சொன்னார்.

மனைவி கல்லைத் தொட்டுப் பார்த்தாள். அது வடகம் காயப்போடலாம் என்கிற பக்குவத்தில் இருந்தது. "எல்லாம் சரி. ஆனா ஈரம் வேணுங்க."

வறட்சியார் முகம் சிவந்தது. "நெஞ்சுல ஈரம் இல்லாமயா ராப்பகலா இதுக்கு உழைச்சிருக்கேன்?"

"நெஞ்சுல இருக்கறதை வச்சு அது என்ன பண்ணும்? தரையில வேணும்."

"என் கட்டடத்துல ஈரமா? அந்த அம்மா வந்து தொட்டுப் பாத்தா என் பேரு என்னாகும்?"

"இது தோலாலயே தண்ணி குடிக்கிற பிராணி. உங்க பேரைக் குடிக்க முடியாது."

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அவர் பார்க்காதபோது அவள் தண்ணீர் தெளிப்பாள். அவள் பார்க்காதபோது அவர் துடைப்பார். சாலமண்டர் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து இந்த இல்லறத்தைக் கவனித்துவந்தது. இரண்டு நாள் பார்த்தது. மூன்றாம் நாள், அதாவது இயக்குநர் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், மாளிகை காலியாகக் கிடந்தது.

மனைவி கட்டிலுக்கு அடியில், செருப்புக்குள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எல்லாம் தேடினாள். "காஞ்ச இடத்துல மாட்டிக்கிட்டா செத்துடுங்க" என்று மறுபடியும் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

வறட்சியாருக்கும் கவலைதான். "பொம்மைக் கடை இந்நேரம் திறந்திருக்குமா? ரப்பர்ல கிடைக்கும். புள்ளி மட்டும் நான் போட்டுக்கறேன்."

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் அழைப்புமணி அடித்தது.

இயக்குநர் அதிகம் பேசாதவர். கைப்பையில் டார்ச் ஒன்று வைத்திருந்தார். மாளிகையைச் சுற்றிவந்தார், குனிந்தார், தூணைத் தட்டினார்.

"யாரு குடியிருக்காங்க?"

"சாலமண்டர், மேடம். கொஞ்சம் கூச்ச சுபாவம்."

இயக்குநர் விரல் நுனியால் வெள்ளைக் கல்லைத் தடவி, அந்த விரலையே உற்றுப் பார்த்தார். "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம்" என்றார். அது பாராட்டா என்று வறட்சியாருக்கு விளங்கவில்லை. இயக்குநர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது விளங்கியது.

அந்த நேரத்தில் மாடியில் மாமனார் கழிவறையில் ஃப்ளஷ் இழுத்தார். சுவருக்குள் எங்கோ சளசளவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. வாசல் பக்கம் திரும்பிய இயக்குநர் நின்று, மூக்கை உயர்த்தினார்.

"மண் வாசனை வருதே. பாசி வாசனையும் சேர்ந்து வருது."

"வெளியில தோட்டம், மேடம்" என்றார் வறட்சியார். தோட்டம் இருந்த இடத்தில் அவர் என்றைக்கோ கல் பாவிவிட்டார்.

"இந்த அலமாரிக்குப் பின்னாலேர்ந்து வருது. கொஞ்சம் நகர்த்த முடியுமா?"

வறட்சியார் அலமாரியின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "முடியாதுங்க. எல்லாம் விருது. பயங்கரக் கனம்."

"சக்கரம் இருக்கு, மேடம்" என்றாள் மனைவி, ஒரு விரலால் அதைத் தள்ளியபடி.

வறட்சியார் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருடத்துப் பித்தளை எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் ஓசை அவருக்கு மட்டும் கேட்டது. போட்டியாளர் பென்சில் சீவும் ஓசையும் கேட்டது.

டார்ச் வெளிச்சம் சுவரில் விழுந்தது. ஆளுயரத்துக்கு ஓதம். காரை பெயர்ந்து சின்னச் சின்னக் குகைகளாகியிருந்தது. அதில் பச்சைப் பட்டு விரித்ததுபோல் பாசி. அடியில் நனைந்த பழைய பனியன். பனியனின் மடிப்பில், கன்னம் உப்பி, உடம்பெல்லாம் மினுமினுக்க, சாலமண்டர் ஒரு புழுவை மென்றுகொண்டிருந்தது.

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இயக்குநர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"இருட்டு, குளிர்ச்சி, ஈரம், ஒளிய இடம், இரை. வெளிநாடெல்லாம் போய் நான் தேடினது இதைத்தான்" என்றவர் தலையைத் திருப்பினார். "இது யார் யோசனை?"

வறட்சியார் கண்ணைத் திறந்தார். ஒரு பக்கம் 'எங்கள் சுவர்கள் அழுவதில்லை'. இன்னொரு பக்கம் பூங்காக் கூடம். மனைவி சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க முதல் வரிசையில் இடம் கிடைத்தவளின் முகம் அது.

"என்னோடதுதான், மேடம்" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் குரல் மேடைக்கு ஏறிவிட்டது. "கசியும் சுவர்க் கோட்பாடு. ரொம்ப வருஷ ஆராய்ச்சி. காய்ஞ்ச சுவர் யார் வேணா கட்டலாம்."

மனைவிக்குப் புரையேறியது.

"அப்ப எதுக்கு அலமாரி வச்சு மறைச்சீங்க?"

"இருட்டு வேணுமே, மேடம்."

"அந்த மாளிகை?"

"அது ஒப்பிட்டுப் பார்க்க. எப்படிக் கட்டக்கூடாதுன்னு."

இயக்குநர் தலையை ஆட்டி ரசித்தார். அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் பாதிப் படியில் நின்றபடி, "மாப்ள, அந்த ஃப்ளஷ் தொட்டி நிரம்பும்போதெல்லாம் சுவருக்குள்ள ஒழுகுது. நல்ல தண்ணி வீணாப் போகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

"அது ஒழுகல் இல்லப்பா, ஆராய்ச்சி" என்றாள் மகள்.

மாமனார் யோசித்தார். "நான் போறதா?"

"இடைவெளி விட்டு நீர் வரத்து, மேடம்" என்று வறட்சியார் குறுக்கே பாய்ந்தார். "மின்சாரமே வேண்டாம். மனித வளம்."

"பிரமாதம்" என்றார் இயக்குநர். நல்ல தண்ணீர்தானே என்று மாமனாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அங்கேயே வறட்சியாருக்குக் கை கொடுத்தார்.

பூங்காக் கூடம் வறட்சியாருக்கே கிடைத்தது. அலுவலக வாசலில் பித்தளை எழுத்துகளில் சிலவற்றைக் கழற்றி, சிலவற்றைப் புதிதாகச் சேர்த்து, 'எங்கள் சுவர்கள் தேவைப்பட்டால் அழும்' என்று மாற்றிவிட்டார். அந்த வருடம் அவர் வாங்கிய விருதை அலமாரியில் வைக்க முடியவில்லை. அலமாரியை மாடிக்கு அனுப்பிவிட்டு, சுவருக்கு இறுக்கமான கண்ணாடிக் கதவு போட்டுச் சாலமண்டரை அங்கேயே குடிவைத்திருந்தார்கள். மாளிகையில் மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். காய்ந்த இடம் என்பதால் முளைவிடுவதில்லை.

இப்போதெல்லாம் இயக்குநர் அடிக்கடி விருந்தினர்களை அழைத்துவந்து அந்தச் சுவரைக் காட்டுகிறார். வறட்சியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்பாட்டை விளக்குகிறார். மாமனார் தம் சின்ன மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நாள்களில், விருந்தினர் வருவதற்கு முன்னால் மாடிக்குப் போய் ஃப்ளஷ் இழுத்துவிட்டு வருவதும் அவர்தான்.