திரு. வேரிங் தின்ற இஞ்சி கேக்

பெண்கள் கூடித் தைக்கும் நாளில் ஒருத்தி கதை வாசிக்க மற்றவர்கள் ஊசி ஓட்டுவது அந்தக் கடற்கரை ஊர் வழக்கம். அன்று மெர்சி நிக்கர்சன் வீட்டில், அவள் மகளின் கல்யாணத்துக்கான ஒட்டுத்துணிப் போர்வையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். மெர்சி கையில் பாஸ்டனிலிருந்து வந்த வாரப் பத்திரிகை. அதில் ஹெச். எல். வேரிங் என்ற கனவான் எழுதும் தொடர்கதைக்காக ஊரே காத்துக் கிடந்தது.

அந்தக் கனவான் போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் தைத்துக்கொண்டிருந்தார். உண்மைப் பெயர் லொவைனா டோன்; வேரிங் என்பது அவள் ஒளிந்துகொண்ட புனைபெயர். புருஷன் எப்ரெயிம் போன கப்பல் திரும்பவேயில்லை. அதன்பின் மாமியார் கெசாயா வீட்டில்தான் வாசம். கதை என்பது சிங்காரித்த பொய், அது தன் கூரைக்குக் கீழே நுழையக் கூடாது என்பது கெசாயாவின் கட்டளை. இந்தக் கூட்டத்துக்கு வருவதுகூடத் தையலுக்காகத்தான் என்பாள். குட்டு வெளிப்பட்டால் லொவைனாவுக்கு ஒன்று பேனா போகும், இல்லையென்றால் வீடு போகும். பேனா இல்லாமல் அவளால் மூச்சு விட முடியாது. போக்கிடமோ வேறு கிடையாது.

மெர்சி வாசித்தாள். கடலுக்குப் போன மகனுக்காகக் கதையில் ஒரு தாய் ரொட்டி சுடுகிறாள். அடுப்புக்குள் ஒரு சிட்டிகை சோளமாவை வீசிச் சிவக்கிறதா என்று பார்க்கிறாள். சிவக்கவில்லை. "சோம்பேறிக் கழுதை, இன்னும் காயலையா நீ?" என்று அடுப்பைத் திட்டுகிறாள்.

ஊசிகள் நின்றன. மாமியார் வாயிலிருந்து தினமும் காதில் விழுவதை லொவைனா யோசிக்காமல் எழுதித் தொலைத்திருந்தாள்.

"அடுப்பைக் கழுதைன்னு திட்டறது இந்த ஊர்லயே நம்ம கெசாயா அக்கா ஒருத்திதானே!" என்றாள் டார்கஸ். மோப்பம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "பாஸ்டன்ல உக்காந்திருக்கற ஆம்பளைக்கு இது எப்படித் தெரிஞ்சுதாம்? உங்க சமையக்கட்டுல உங்களை விட்டா வேற யாரு இருக்கா?" பார்வை மெல்ல லொவைனா பக்கம் நகர்ந்தது.

லொவைனா பதற்றத்தில் தன் சட்டைக் கையையே போர்வையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.

கெசாயா தலை நிமிரவில்லை. "நான்தான் காட்டினேன்."

"யாருக்கு?"

"அந்த வேரிங்குக்குத்தான். போன கோடைல வண்டிச் சக்கரம் கழண்டு நம்ம வாசல்ல வந்து நின்னாரு. ஒல்லி மனுஷன். இஞ்சி கேக் குடுத்தேன். மீசையெல்லாம் துகளா இருந்துச்சு."

"எங்ககிட்டச் சொல்லவேயில்லையே அக்கா!"

"கேக் தின்னவனையெல்லாம் ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியவா? மெர்சி, நீ படிம்மா."

தன் வயதைக்கூட ஒரு வருஷம் குறைத்துச் சொல்லாதவள் கெசாயா. டார்கஸ் நம்பி ஊசியைக் கையிலெடுத்தாள். ஊசிகள் மறுபடி ஓடின.

வீடு திரும்பும் வழியில், சதுப்புப் புல்வெளி தாண்டியதும், லொவைனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியிருந்தது.

"எப்பத் தெரியும் அத்தை?"

"விடியறதுக்கு முன்ன மாடியில பேனா கீறற சத்தம் கேக்குது. எலிக்கு எழுதத் தெரியுமாடி? விரலெல்லாம் வேற மசி."

"தெரிஞ்சுமா விட்டு வச்சீங்க? எழுதினதையெல்லாம் அடுப்புல போட்டிருக்கலாமே."

"போட்டா உன் கதையில வர்ற அந்தப் பையன் கப்பல் என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லொவைனா நின்றுவிட்டாள். "எங்கிட்டயே கேட்டிருக்கலாமே அத்தை."

"கதையே ஆகாதுன்னு சொன்னவ எந்த மூஞ்சிய வச்சுட்டுக் கேக்கறது?" கெசாயா தொப்பி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இன்னிக்குச் சொன்ன பொய்க்கு ஆண்டவர்கிட்ட நானே பதில் சொல்லிக்கறேன். நீ அதை வீணாக்கிடாதே. எப்ரெயிமைத்தான் நம்மால கொண்டுவர முடியல. அந்தப் பையனையாவது அவங்கம்மாகிட்டக் கொண்டுவந்து சேத்துடு."