பதினேழு நாள் பவுடர்

எதையும் பிடிக்காமல் குத்தவைத்து எழுந்து காட்டினான் அவள் கணவன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "பாத்தியா? பவுடர் வேலை செய்யுது," என்றான். ஏழு மாதமாக அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு. "பாத்தேன்" என்றாள் அவள்.

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். பதினைந்து வருடம் முட்டி போட்டே சம்பாதித்தவன். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் நைந்துபோயிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. இடையில் ஒரு முறை வீட்டில் சும்மா இருக்கப் பொறுக்காமல் வேலைக்குப் போய், மூன்றாம் நாள் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வீடு வந்தான். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் நாண் அறுந்தே போகலாம் என்றார் பிசியோதெரபி அம்மா. சரிவான பலகையில் நின்று தினமும் முட்டியை மடக்கி மெதுவாக இறங்கி ஏற வேண்டும், அதுதான் வைத்தியம். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொலாஜன் பவுடரை எலுமிச்சைச் சாறு விட்டுக் குடிக்கலாம். கொஞ்சம் துணையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அவன் காதில் விழுந்தது பவுடர் மட்டும்தான். பலகையை அவனே செய்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோணலாக ஒரு வேலை செய்கிறேன் என்று சிரித்தான். ஆனால் பவுடர் குடித்தால்தான் அதில் ஏறுவான். குடிக்காத நாளில், "ஆயில் ஊத்தாம வண்டிய ஓட்டச் சொல்றியா?" என்று படுத்துக்கொள்வான்.

பதினேழு நாளுக்கு முன்னால், தான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் கை பட்டு, மூடி திருகாத டப்பா பாத்திரம் ஊறிய தொட்டியில் கவிழ்ந்தது. மருந்துக் கடையில் கேட்டாள். சரக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஒரு மாதம் அவன் படுத்துக் கிடப்பதை நினைத்துப் பார்த்தாள். டப்பாவைக் கழுவித் துடைத்துப் பால் பவுடரை நிரப்பினாள். பால் வாடை வருதே என்று அவன் கேட்டபோது, இந்தத் தடவை வெனிலா போட்டு வந்திருக்கிறது என்றாள். எலுமிச்சை பிழிந்தால் திரிந்துவிடும் என்பதால் அதற்குப் பதிலாக வைட்டமின் சி மாத்திரையைத் தனியாகக் கொடுத்தாள். சரக்கு வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் அவனுக்குக் குணமாகத் தொடங்கும் என்று நினைக்கவில்லை.

குத்தவைத்து எழுந்த கையோடு அவன் மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"என்னப்பா, முட்டி என்ன சொல்லுது?"

"திங்கக்கிழமை வரேன்னு சொல்லுது அண்ணே."

"வாய்க்கு வந்தத சொல்லாத. ரெண்டு மாடி, முழுசும் தரை. நீ பாதியில உக்காந்தா நான் வேற ஆளத்தான் பாக்கணும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"பவுடர் குடிக்கிறேன்ல. அது பாத்துக்கும்."

போனை வைத்ததும் அவள் கேட்டாள். "இன்னும் ஆறு வாரம் ஆகணும்னு அந்தம்மா சொன்னாங்கல்ல?"

"பவுடர் இப்படி வேலை செய்யும்னு அவங்களுக்கே தெரியாது. இனிமே ரெண்டு ஸ்பூனா போட்டுக்கறேன். பலகையெல்லாம் வேணாம். வேலையே எக்சர்சைஸ்தான."

சொன்னால் அவன் மறுபடி படுத்துவிடுவான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை எட்டு மணி நேரம் முட்டி போடுவான். அறுந்துபோன நாணை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவன் சமையலறைக்குள் போய் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினான். மாத்திரை அட்டையைத் தட்டிப் பார்த்தான். "தீந்துடுச்சு. பழையபடி எலுமிச்சையே பிழிஞ்சுக்கவா?"

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. அவள் கத்தியை எடுத்து எலுமிச்சையை நறுக்கி, ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள்.

பிழிந்தான். தம்ளருக்குள் வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து மிதந்தது. சிமென்ட் கலவை பார்த்தே பிழைக்கிறவன். தம்ளரைச் சாய்த்து, நிமிர்த்தி, திரும்பவும் சாய்த்தான்.

"பால் பவுடர்ங்க," என்றாள். "பதினேழு நாளா. டப்பாவ நான் கொட்டிட்டேன்."

அவன் தம்ளரை மேடையில் வைத்தான். "அப்போ முட்டி?" என்றான்.

"நீங்க பலகையில இறங்கி ஏறினதுதான். உங்க காலேதான்."

"வெனிலான்னு சொன்ன."

"சொன்னேன்."

அவன் முட்டியைத் தடவிப் பார்த்தான். "வலிக்குது," என்றான், சின்னக் குரலில். "இப்போ வலிக்குதுடி."

அவள் பலகையை இழுத்துப் போட்டு, அதற்கு முன்னால் நின்றாள். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் வந்து ஏறினான். ஏறி, அப்படியே நின்றான். அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தோள் மேல் வைத்துக்கொண்டு, அவளே முதலில் முட்டியை மடக்கத் தொடங்கினாள். அவள் இறங்க இறங்க அவனும் குனிந்தாக வேண்டியிருந்தது. அவன் பாரம் முழுவதும் தோளில் இறங்கியது. "மூணு எண்ணுற வரைக்கும்," என்றாள்.

"ஒண்ணு" சொன்னாள். "ரெண்டு" சொன்னாள். பாதி வழியில், கீழேயும் போகாமல் மேலேயும் வராமல், ஒருவர் மூச்சு ஒருவர் முகத்தில் பட, இருவரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.