உபகரணத் தேவை: ஒரு ஸ்டாண்ட்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மறுபடியும் பூட்டிய வருஷம், கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே படிப்பிக்க என்னென்ன உபகரணம் வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் தரம் படிப்பிக்கும் சுபாஜினி பேராசைக்காரி இல்லை. போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட், சுமாரான கமரா உள்ள ஒரு போன், அவ்வளவுதான் கேட்டாள். படிவம் போய்ச் சேர்ந்தது. பதில்தான் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பார்த்துப் பார்த்துச் சலித்து, அவளே ஒரு ஸ்டாண்டைக் கட்டினாள். வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறி வந்த மரப்பெட்டி, அதன்மேல் ஒரு பால்மா டின், டின்னோடு சேர்த்து ரப்பர் பட்டி போட்ட போன். எதிரே சுவரில் கரும்பலகை. நாலாம் நாள் பெட்டி ஆடி, போன் சிமெந்துத் தரையில் விழுந்தது. பின்பக்கக் கமரா போயே போய்விட்டது.

மிச்சம் இருந்தது முன்பக்கக் கமரா. அதில் எடுத்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தது. கூடப் படிப்பிக்கும் ஒருவரைக் கேட்டாள். "அது எடுக்கிறவங்களுக்குத்தான் அப்பிடித் தெரியும். அனுப்பினா நேரா ஆயிரும்," என்றார். நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, புதுப் போனா இருக்கிறது? ஐந்து மாதம், தினம் இரண்டு எழுத்து, பிசகாமல் எழுதி அனுப்பினாள். பெற்றோர் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எல்லாம் சரியாகவே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தபோது ரொஷானி வேறு பிள்ளையாக வந்தாள். பூட்டுவதற்கு முன் டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிந்த ஆறு வயதுக்காரி அவள். இப்போது பென்சிலை எடு என்றால் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் கெஞ்சியும் ஒரு கோடு போடவில்லை. நான்காம் நாள், பள்ளிக்கூடம் விட்டதும், சுபாஜினி அவளோடு லயத்து வரிசை வீட்டுக்கு நடந்தாள்.

ரொஷானியின் அப்பா ஜெஸ்டின் அன்றைக்கு வீட்டில் இருந்தான். பெரகல சந்தியில் மரக்கறி லொறிக்குச் சாமான் ஏற்றுகிறவன். லயத்தில் சிக்னல் கிடையாது. பாடத்தைச் சந்தியிலேயே போனில் இறக்கி, பின்னேரம் கொண்டுவந்து மகளுக்குக் காட்டுவான். அவன் இரண்டாம் வகுப்போடு நின்றவன். தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது.

"வாங்க டீச்சர், உக்காருங்க," என்று கதிரையைத் துடைத்துப் போட்டான். "இவ சங்கதிக்கா வந்தீங்க? இவளுக்கு மூள பொரண்டு கெடக்கு டீச்சர். கடை மொதலாளிகிட்ட கொப்பியக் காட்டுனேன், அவருதான் சொன்னாரு. எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சிரிச்சாரு. அதுக்கப்பறம் ஒங்களுக்குப் படம் புடிச்சு அனுப்பவே வெக்கமாப் போச்சு."

கொப்பியை வாங்கிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக எழுத்து, கோட்டை விட்டு இறங்காத எழுத்து. அத்தனையும் இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

"எழுதுறதும் பீச்சாங் கையால. அந்தக் கையிலேயே போட்டேன். தெனம் போட்டேன். திருந்தல."

பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்ல சுபாஜினி வாயெடுத்தாள். அதற்குள் ஜெஸ்டின் போனை நீட்டினான். "நீங்க அனுப்புனத ஒண்ணுகூட அழிக்கல டீச்சர். பாருங்க, பக்கத்துலயே உக்கார வச்சுத்தான் காட்டுனேன்."

திரையில் சுபாஜினி நின்றாள். வலது கைக்காரியான அவள், அங்கே இடது கையால் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். "டீச்சர் மாதிரியே எழுதணும், சரியா?" என்று சிரித்தாள். திரும்பிக் கரும்பலகையில் எழுதினாள். அந்த 'அ'வும் கொப்பியில் இருந்த 'அ'வும் ஒரே அச்சு.

பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

வாசலில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜீவராணி நின்றுகொண்டிருந்தாள். அவள் மகனும் அதே வகுப்புத்தான். அவனுக்கு எட்டாம் வகுப்பில் ஒரு அக்கா உண்டு.

"எங்க மூத்தவ அப்பவே சொன்னா டீச்சர், எழுத்து திரும்பியிருக்குன்னு. அவளே தம்பிக்குத் திருத்திக் குடுத்துட்டா," என்றாள் ஜீவராணி, சேலை முனையைத் திருகியபடி. "ஒங்களுக்குப் போயி நாங்க எப்பிடிங்க தப்புச் சொல்றது? மரியாதயா இருக்காதுன்னு வுட்டுட்டோம்."

அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சுபாஜினிக்குத் தெரியவில்லை. அக்கா இல்லாத பிள்ளைக்குத்தான் அத்தனை அடியும் விழுந்திருக்கிறது. சொன்ன சொல்லை அப்படியே கேட்டவள் வகுப்பிலேயே இவள் ஒருத்திதான்.

ஜெஸ்டினுக்கு மெல்லத்தான் விளங்கியது. போனைப் பார்த்தான், மகளின் கையைப் பார்த்தான். காம்பராவை விட்டு வெளியே போய், தண்ணீர்க் கானோரம் குந்தி, முகத்தை மூடிக்கொண்டான்.

சுபாஜினி தரையில் உட்கார்ந்தாள். "ரொஷானி, இங்க வாம்மா. அந்தக் கையத் தா."

தடவிக்கொடுக்கத்தான் கேட்டாள். பிள்ளை கிட்டே வந்து, இடது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அந்தக் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சுபாஜினி அழுதாள். "நீ எழுதினது சரிம்மா. டீச்சர்தான் தப்பா அனுப்பிட்டேன். டீச்சரோட தப்பு."

ரொஷானி கண்ணைத் திறந்து பார்த்தாள். டீச்சர் அழுவதை அவள் முன்பு பார்த்ததில்லை. டீச்சரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள் போலிருக்கிறது.

"இல்ல டீச்சர். நீங்க சரியாத்தான் எழுதுனீங்க. எனக்குத்தான் மூள பொரண்டு கெடக்கு."