தொப்பி உட்கார்ந்த இருக்கை

இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற கயாக் படகு அது. நடுவில் குழந்தைக்கென்று ஒரு குட்டி இருக்கை. அன்றைக்கு முன் இருக்கையில் தையல்காரி; அந்தக் குட்டி இருக்கையில் தன்னைத் திணித்துக்கொண்டிருந்தது அவளுடைய நாற்பது தாண்டிய நாத்தனார். பின் இருக்கையில் தொப்பி இருந்தது. தையல்காரியின் கணவர் இறந்த பிறகு படகை ஏரியில் இறக்குவது இதுவே முதல் தடவை. அவர் இடத்தில் அவர் தொப்பியைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

“அண்ணி, ஒரு தொப்பிக்கு இவ்ளோ இடமா? எனக்கு முட்டி தாடையில இடிக்குது.”

“வாயை மூடிட்டு துடுப்பைப் போடுடி.”

பாரமெல்லாம் முன்பக்கம். மூக்கைத் தண்ணீருக்குள் நுழைத்துக்கொண்டு படகு தள்ளாடிப் போனது. நடு ஏரியில் காற்று எழுந்து தொப்பியைத் தூக்கியது. “ஐயோ, தொப்பி!” என்று இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் எட்டினார்கள். அவ்வளவுதான். படகு குப்புற விழுந்தது.

மிதவைச் சட்டை இருவரையும் மேலே தூக்கிவந்தது. தையல்காரி இருமித் துப்பிக் கண்ணைத் துடைத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்ந்த படகு. சற்றுத் தள்ளி, ஒன்றும் நடக்காதது போல ஜம்மென்று மிதந்து போகும் தொப்பி. அவள் தொப்பியை நோக்கி நீந்தத் திரும்பினாள்.

“அண்ணி, படகை விட்டுடாதீங்க! என்னால தனியா இதை நிமிர்த்த முடியாது!”

நாத்தனாரின் குரலில் கிண்டல் காணாமல் போயிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. தையல்காரி தொப்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படகை எட்டிப் பிடித்தாள்.

கோடை தவறாமல் கணவர் இருவரையும் கரையோரம் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்கியிருந்தார். “முதல்ல படகைப் பிடி. அப்புறம் துடுப்பைப் பிடி. அப்புறமா என்னைத் திட்டு.”

துடுப்புகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே பக்கம் மிதந்தபடி, எதிர் விளிம்பைப் பற்றி, பின்னால் சாய்ந்து இழுத்ததும் படகு தொப்பென்று நிமிர்ந்தது. நாத்தனார் மறுபக்கம் போனாள்.

“நான் முன்னால பிடிச்சுக்கறேன், நீங்க பின்னால ஏறுங்க.”

“பின்னாலயா?”

“சட்டம் பேசற நேரமா அண்ணி இது?”

தையல்காரி காலை உதைத்து உடம்பை மிதக்கவிட்டு, வயிற்றால் படகின் மேல் சறுக்கி ஏறிப் புரண்டு உட்கார்ந்தாள். அவர் இருக்கையில். பிறகு அவள் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ள, நாத்தனார் முன்னால் ஏறினாள். படகு மட்டமாக நின்றது.

“தொப்பி அதோ போகுது. திரும்பலாமா?” நாத்தனாரின் பற்கள் தந்தியடித்தன.

அந்தப் பக்கம் அலை நுரைத்தது.

“வேண்டாம்டி. கரைக்குப் போவோம்.”

பாதி வழியில்தான் தையல்காரி கவனித்தாள். முன்னால் துடுப்பு அழகாக ஏறி இறங்கியது. ஆனால் தண்ணீரை இழுக்கவே இல்லை.

“ஏய், ஏரிக்குத் தலை வாரி விடறியா?”

“அங்கேருந்து பார்த்தா தெரியுதா?”

“எல்லாமே தெரியுது.”

சொன்னவளின் துடுப்பு நின்றது. முன் இருக்கையில் இத்தனை வருஷமும் அவள் செய்ததும் இதே தலைவாரல்தான். ஒவ்வொரு தடவையும் கரை சேர்ந்ததும் அவர் அவளைப் பாராட்டி ஒரே வரியைத்தான் சொல்வார். அவர் ஏமாந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கரையில் ஈரத்துணி மாற்றிக் கம்பளி போர்த்திக்கொண்டபோதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணீரும் நிற்கவில்லை.

“என்ன அண்ணி?”

தையல்காரி அவர் வரியையே சொன்னாள்.

“இன்னைக்கு நீ இல்லேன்னா கரைக்கே வந்திருக்க முடியாதுடி.”