வெட்டி எடுத்த ஓரம்

செல்வமேரி சிரிக்கும் இடத்தை ஸ்டெபின் மூன்றாவது முறையாக ஓட்டிப் பார்த்தான். ஏற்காடு கடைவீதி மாடியில் இருந்த அவனுடைய ஸ்டூடியோவுக்குள் மதியமே பனி புகுந்திருந்தது. லேப்டாப்பில் வேடியப்பன் மிளகுக் கூடையைக் கவிழ்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவனுக்குப் பெண்டாட்டியாக நடிக்கும் செல்வமேரி திட்ட வாயெடுத்து, முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது நடிப்பில்லை. கட்டிய புருஷனுக்கு அதுகூடவா தெரியாது? ஏழு வருஷத்தில் தன்னிடம் அவள் அப்படிச் சிரித்ததாக ஸ்டெபினுக்கு ஞாபகமில்லை. அந்த நாலு விநாடியை வெட்டித் தூக்கினான்.

மாரமங்கலத்தில் ஜீப் ஓட்டும் வேடியப்பன் செல்போனில் எடுத்துப் போடும் வீடியோக்களை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஜோடிப் பொருத்தம் அமோகம், சுற்றிப் போடுங்கள் என்று கீழே எழுதினார்கள். ஸ்டெபின் முறையாக கேமரா படித்தவன். இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து அவன் எடுத்த குறும்படத்தை இருநூற்றுப் பதினாலு பேர் பார்த்திருந்தார்கள். அதில் பாதி அவனே. உங்கள் வீட்டுக்காரம்மா நடிப்பார்களா என்று வேடியப்பன் வந்து கேட்டபோது, இவளுக்கு என்ன வந்துவிடும் என்ற இளக்காரத்தில்தான் தலையாட்டினான். இப்போது ஏரிப் பக்கம் போனால், சுற்றுலா வந்தவர்கள் அவளோடு நின்றுகொண்டு, படம் எடுத்துத் தரச்சொல்லி அவனிடமே போனை நீட்டுகிறார்கள். வேடியப்பனை நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் வரவில்லையா என்று வேறு விசாரிக்கிறார்கள். எடிட்டிங்கை நான் பார்க்கிறேன் என்று வலியப் போய் வாங்கிக்கொண்டது உதவி செய்வதற்காக இல்லை, கண்காணிப்பதற்காக.

போன வாரம் வாய்விட்டே கேட்டுவிட்டான், அவன்கூட ரொம்பத்தான் சிரிப்பு வருகிறதே என்று.

"வந்துச்சுங்க, சிரிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

வேடியப்பனுக்கு ஒரு பழக்கம். காட்சி முடிந்த பிறகும் போனை நிறுத்த மறந்துவிடுவான். அந்த வாலையெல்லாம் ஸ்டெபின் பார்க்காமலே அழித்துவிடுவது வழக்கம். இன்று அழிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திருடனைப் பிடிக்கப் போகிறவனைப் போல மூச்சை அடக்கிக் கேட்டான். திரையில் வெறும் காப்பிச் செடி. குரல்கள் மட்டும் வந்தன.

"ஏனுங்க, இத்தன நாளா இந்த நடிப்பையெல்லாம் எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்றான் வேடியப்பன்.

அடுத்து செல்வமேரியின் குரல் வந்தது.

"எங்கூட்டுக்காரரு படம் எடுத்தப்ப, கதாநாயகியா நடிச்ச சேலத்துப் புள்ளைக்கு வெளிச்சத்துக்கு அட்டை புடிச்சது நாந்தானுங்க. வசனம் பூரா எனக்கு மனப்பாடம். நீ பண்றியான்னு ஒரு வார்த்த கேப்பாருன்னு இருந்தேன். கேக்குலீங்க."

ஜீப் கதவு சாத்தும் சத்தத்தோடு அது முடிந்தது.

பயந்த மாதிரி எதுவும் இல்லையே என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தான் கேட்காததை வேடியப்பன் கேட்டுவிட்டான், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அந்தப் பொறாமைதான் இப்போது அதிகமாகச் சுட்டது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, தன் குறும்படத்தின் கடைசிக் காட்சியைத் தேடி எடுத்தான். ஓரத்தில் யாரோ தெரிகிறார்கள் என்று அன்று அவனே பெரிதாக்கி வெட்டியிருந்த காட்சி. இப்போது அதை முழு அளவுக்குத் திருப்பினான். மாடிப்படியில் செல்வமேரியின் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

நடுவில் சேலத்துப் பெண் வசனத்துக்குத் தடுமாறிக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அதைப் பிடித்த விரல்கள், அதற்குப் பின்னால் செல்வமேரியின் பாதி முகம். அந்தப் பாதி முகத்தின் உதடுகள் அதே வசனத்தைச் சத்தமில்லாமல், ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணும் நிறைந்திருந்தது.