பூவாடைக்காரிக்கு ஒரு புடவை

பூவந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்தால் நுரை பொங்கும். அந்த நுரையில் தாயம்மாள் ஒரு புடவையை முக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகன் கஜபதி வாத்தியார், கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவன், நுரைக்கு மேலே தெரிந்த சிவப்புக் கரையைப் பார்த்து நின்றுவிட்டான். அவன் மனைவி தமயந்தியின் புடவை. அவள் செத்து ஐந்து மாதம் ஆகிறது.

"யாருக்கும்மா அது?"

"பூவாடைக்காரிக்கு," என்றாள் தாயம்மாள், தலை நிமிராமல்.

சுமங்கலியாகச் செத்தவள் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், முதல் நாள் அவளுக்குப் படையல் போட்டு, மஞ்சளில் நனைத்த புதுப்புடவை ஒன்றை வைத்து உத்தரவு கேட்க வேண்டும். பிறகு அந்தப் புடவை பெட்டிக்குள் போய், அடுத்த படையல் வரை அவளுடையதாகக் கிடக்கும். கஜபதிக்கு இன்னும் எட்டு நாளில் இரண்டாம் கல்யாணம். பெண் மணவூரைச் சேர்ந்தவள், பேர் கெங்கம்மாள். அவன் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஐந்து மாதமாக எதற்குமே எதுவும் சொல்வதில்லை. அதுவே போதும் என்று தாயம்மாள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்திருந்தாள்.

"புதுசுதான் வைக்கணும்னு சொல்லுவியே."

"வைக்கணும்தான். புதுசு எங்க கீது? ரேஷன் கார்டுக்குக் குடுத்த துணி அந்தப் பொண்ணுக்குக் கூறையும் உனுக்கு வேட்டியுமா ஆயிப்போச்சு. இத நல்லா அலசி, கெட்டியா கஞ்சி போட்டு, மஞ்சள்ல முக்கிட்டா, புதுசா பழசானு அவளுக்கே தெரியாது."

"அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா இன்னா? சண்டைக்கா வரப்போறா? இருக்கச்சே ஒரு நாள் வந்தாளா?"

வரவில்லை.

அந்த வீட்டில் தமயந்தி மூன்று வருஷம் இருந்தாள். மூன்று வருஷமும் யுத்த காலம். சோப்பு கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது, துணி கிடையாது. அவளுக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. கோயில் மலையடிவாரத்தில் பானகம் விற்பவர்கள் பிழிந்து எறிந்த எலுமிச்சைத் தோலைக் கூடையில் வாரிக்கொண்டு வந்து, உப்பில் ஊறப்போட்டுப் பித்தளையைப் பளபளக்க வைத்தாள். ரசத்துக்குக் கரைத்த புளிச்சக்கை குத்துவிளக்குக்கு. அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, நைஸ் பகுதியைப் பாத்திரத்துக்கும் கரடு பகுதியைப் பூசணிக்கொடிக்கும் பிரித்து வைத்தாள். ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் டின் அவள் கையில் அரிசி அளக்கும் படியானது. இரண்டு புடவை நைந்தால், இரண்டிலும் நல்ல பாதியைக் கிழித்து ஒன்றாக மூட்டுவாள். எறும்பு ஊர்ந்த மாதிரி தையல். கஜபதி தன்னுடன் வேலை பார்க்கும் வாத்தியார்களை வீட்டுக்கு அழைத்து வந்து, மூட்டு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னான். கண்டுபிடிக்க முடியாமல் அவர்கள் விழித்தார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் பி.ஏ. படித்தவன். பெருமையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குச் சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினான். பூவந்திக்கொட்டையும் எலுமிச்சைத் தோலும் சாம்பலும் அதில் வந்தன. தமயந்தியின் பேர் வரவில்லை. "என் இல்லத்தில் நான் கண்ட அனுபவம்" என்று ஆரம்பித்திருந்தான். தேவை என்பது வெறும் பழக்கம். எந்தப் பொருள் எங்கே அதிகம் உதவுமோ அங்கே அதை வைப்பதுதான் சிக்கனம் என்று முடித்திருந்தான். அச்சில் வந்ததைத் தமயந்தி உரக்கப் படித்து மாமியாருக்குக் காட்டினாள். தாயம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது போகாது.

ஒரே ஒரு தீபாவளிக்குத்தான் தமயந்தி வாய் திறந்தாள். "ஒரு புடவ எடுக்கலாங்களா? மூட்டாதது."

"யுத்தம் முடியட்டும்" என்றான் அவன்.

யுத்தம் ஆடிக் கடைசியில் முடிந்தது. புரட்டாசியில் விஷக்காய்ச்சல் வந்தது. பதினொரு நாள். பிணத்தின் மேல் போர்த்தப் புதுத்துணி கூடக் கிடைக்கவில்லை. கல்யாணக் கூறையையே போர்த்தி எடுத்துப் போனார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கஜபதி ஆர்.கே.பேட்டைக்குப் போகிற, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் ஏறினான். மேடு வந்த இடத்தில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அவனும் தள்ளினான். ஐந்து மாதத்தில் அவன் தானாகக் கிளம்பிப் போன ஒரே காரியம் அது.

துளசிங்கம் தறிக்குழியில் இருந்தான். கஜபதி வீட்டுக்குப் பழக்கமான நெசவுக்காரன்.

"வாங்க சார். நூல் கார்டுக்கு வர நூலு தறி நனையக்கூடப் பத்தல. நெய்யறது பூரா சொசைட்டிக்குப் போவுது. எங்க வூட்டுப் பொம்பளைங்க கட்டினுகிறத பாத்தீங்கன்னா சிரிப்பீங்க. நெசவுக்காரன் வூட்ல கந்தல்!"

"ஒன்னு இருந்தா போதும்."

"புதுப்பொண்ணுக்கா? மாப்ள களையே மூஞ்சில காணமே!"

"செத்தவளுக்கு."

துளசிங்கம் தறியில் ஓடிய நாடாவை நிறுத்தினான். "படையலுக்கா? அதுக்கு எதுக்கு சார் முழுப்புடவ? ஒரு ரவிக்கத் துணிய வெச்சிக் கும்பிட்டுப் போவீங்களா! ஊரே இப்ப அப்பிடித்தான் பண்ணினு கீது. சாமிங்களுக்கும் கன்ட்ரோல் வந்தாச்சு."

"கேட்டா. நான் குடுக்கல."

துளசிங்கத்துக்கு அதற்கு மேல் கேலி வரவில்லை. குழியிலிருந்து ஏறி உள்ளே போய், பானைக்குள் கைவிட்டு ஒரு புடவையை எடுத்து வந்தான். சொசைட்டிக்குக் காட்டாமல் மிஞ்சின நூலில் நெய்தது. சந்தன நிறம், அரக்குக் கரை. கொடுப்பதற்கு முன் அவன் கண் கஜபதியின் கோட்டின் மேல் நின்றது. காலேஜ் நாளில் தைத்த கம்பளிக் கோட்டு.

"பணம் எங்க வேணும்னாலும் பொரட்டலாம் சார். துணி பொரட்ட முடியல. அதப் பிரிச்சா எங்க அப்பனுக்கு ஒரு மேல்சட்ட ஆவும். மார்ச்சளிக்காரன். மிச்சத்துல ஒரு குல்லா."

கஜபதி கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். பையில் இருந்த சாக்பீஸ் துண்டைத் துளசிங்கமே எடுத்துத் திருப்பித் தந்தான்.

வீட்டுக்கு வந்து புடவையைத் தாய் கையில் வைத்தான். தாயம்மாள் ஒரு முனையைப் பிரித்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். கண்ணில் ஓர் ஒளி வந்து போனது.

"கோட்டு எங்கடா?"

"இதுதான் கோட்டு."

"நல்ல வேல பண்ண! இத அந்தப் பொண்ணுக்கு வெச்சா..."

"தமயந்திக்கு. படையலுக்கு. வேற யாருக்கும் இல்ல."

அவன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவன் வாயிலிருந்து வந்து வெகுநாள் ஆகியிருந்தது. தாயம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி நைனா," என்றாள்.

படையல் அன்று கூடத்து மூலையைச் சாணம் போட்டு மெழுகி, சுவரில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலை சாத்தி, இலை போட்டிருந்தது. கொழுக்கட்டை, பொங்கல், வாழைப்பழம். உறவுக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தாயம்மாள் ஒரு முறத்தில் மஞ்சள் புடவையை ஏந்தி வந்து அவன் கையில் கொடுத்தாள். கட்டியவன்தான் வைக்க வேண்டும். கற்பூரம் எரிந்தது.

புடவை விறைப்பாக இருந்தது. ஈரமஞ்சள் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை, பூவந்திக்கொட்டையின் லேசான புளிப்பு. கட்டைவிரலை மடிப்புக்குள் விட்டான். வாத்தியார்கள் ஒருவருக்கும் அகப்படாத அந்தத் தையல், ஓர் எறும்பு வரிசை, அவன் விரலில் தட்டியது.

"அம்மா."

"கற்பூரம் எரியுது. வை."

"புதுசு எங்க?"

தாயம்மாள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள். "மணவூருக்கு அனுப்பிட்டேன். நேத்தே. அந்தப் பொண்ணு கூறை ஒன்னோட வந்து எறங்கப்போறா. மாத்துப் புடவ கிடையாது. அவங்கம்மா என் கையப் புடிச்சினு அழுவுறா. மறுநாள் குளிச்சிட்டு இன்னாத்த கட்டுவா அவ? பொட்டியில பூட்டி வைக்கவா புதுசு?"

"நான் சொன்னேன்."

"நீதான எழுதின? எது எங்க அதிகம் ஒதவுமோ அங்க வைக்கணும்னு. அவதான் படிச்சுக் காட்டினா."

அந்த வாக்கியத்தை எழுதுகையில் எத்தனை முறை அடித்துத் திருத்தினான் என்பது நினைவு வந்தது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "அழுவாத நைனா, அவ மனசாரத் தருவா உத்தரவு," என்றாள். அவன் அழவில்லை.

குனிந்து புடவையை மணையில் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் மாலையிலிருந்து ஒரு பூ விழுந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கிடைக்காமல் என்ன? ஒட்டுப்போட்டதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்பவள்தானே. தாயம்மாள் புடவையை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மலைமேல் கோயிலில் தாலி கட்டினான். படியிறங்கி வந்து விருந்து சாப்பிட்டார்கள். யார் யாரோ சிரித்தார்கள்.

அதற்கு மறுநாள் காலை, பல் துலக்கக் கிணற்றடிக்கு வந்தபோது, அரக்குக் கரை முதலில் கண்ணில் பட்டது. கெங்கம்மாள் குளித்து முடித்து அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, விருந்துப் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் பட்டுவிடக் கூடாதென்று கொசுவத்தை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கியிருந்தாள். பதினெட்டு வயசு இருக்கும். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பேசலாமா கூடாதா என்று தயங்கிவிட்டுப் பேசினாள்.

"அத்த சொன்னாங்க. இதுக்காகக் கோட்டக் குடுத்துட்டீங்களாம். நீங்களே ஆர்.கே.பேட்ட வரிக்கும் போயி."

அவன் வாயில் வேப்பங்குச்சி இருந்தது. அதை எடுக்காமலே, "ஆங்," என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. அது அப்படி மலரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"எனக்காக யாரும் இப்படிப் பண்ணதில்லீங்க. எங்கூட்ல அக்கா கட்டிக் கழிச்சதுதான் எனக்கு. இத பத்திரமா வெச்சிப்பேன். பூவந்திக்கொட்டையில அலசி நிழல்லயே காயப்போடுவேன். நல்ல நாள் பொல்லாத நாள்னு பாத்துக் கட்டினா பத்து வருஷம் வரும். அதுவரிக்கும் உங்கள புடவையே கேக்கமாட்டேன். நைஞ்சாலும் கூட மூட்டிக்கத் தெரியும் எனக்கு."

வேப்பங்குச்சியைத் துப்பினான்.

"மூட்டாத. பத்திரப்படுத்தாத. தெனமும் கட்டு. கட்டிக் கிழி."

திட்டுகிற மாதிரிதான் வந்தது. வேறு மாதிரிச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. கெங்கம்மாளின் முகத்தில் இருந்தது அப்படியே வடிந்தது. தான் என்ன தப்பாகப் பேசினோம் என்று அவள் கேட்கவில்லை. புதுசாக வந்தவள் கேட்க மாட்டாள். மெதுவாக உட்கார்ந்து, முந்தானையை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு, சாம்பலை அள்ளினாள்.