கயிறு தொங்காமல் பாட்டு இல்லை

சௌம்யாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. பளியர் பழங்குடி என்ற சாதிச் சான்றிதழ்தான் கிடைத்தபாடில்லை. காட்டிலேயே பிறந்து காட்டிலேயே கிடக்கிற சனத்திடம் நீ யார் என்று கேட்க, கொடைக்கானல் மலையில் வெள்ளகவிக்குக் கீழே உள்ள குடியிருப்புக்கு ஓர் அதிகாரி மூச்சு வாங்க இறங்கி வந்திருந்தார்.

சௌம்யாவின் அம்மா ஜோதிமணி கொடுத்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஓட்டு வீடு, டிவி, செல்போன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பளியன் என்றால் இலையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று நினைத்தாரோ என்னவோ.

"தேன் எடுக்கிறப்ப உங்க பாஷையில ஒரு பாட்டு உண்டாமே. அதப் பாடுங்க, செல்லுல எடுத்துக்கிறேன். வெரசா சோலிய முடிச்சிரலாம்."

ஜோதிமணிக்குச் சுருக்கென்றது. அந்தப் பாட்டு தேனீக்களுக்குச் செய்து கொடுக்கிற சத்தியம். பாறையில் கயிறு தொங்க வேண்டும். இறங்குகிறவனின் மச்சான்தான் மேலே கயிற்றைப் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளை எவனும் விதவையாக்க மாட்டான் அல்லவா? கயிறு இல்லாமல் பாடினால் அது பொய்ச் சத்தியம்.

ஆனால் அவள் புருஷன் ஞானவேல் பாடுவதற்குத் தொண்டையைச் செருமினான். மகள் படிப்பாயிற்றே!

ஜோதிமணி பாய்ந்துவிட்டாள், தங்கள் பாஷையில். அவள் தம்பி குகன் அக்காவுக்குப் பரிந்துகொண்டு வந்தான். ஞானவேல் இருவருக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தான். நடுவில் சௌம்யா, "எனக்காக யாரும் பொய்யாப் பாட வேண்டாம்" என்று அதே பாஷையில் கத்தினாள். கொடைக்கானல் பள்ளியில் கேலிக்குப் பயந்து அவள் பூட்டியே வைத்திருந்த பாஷை அது. ஜோதிமணிக்குச் சண்டையே மறந்துபோனது. பெற்ற வயிறு குளிர்ந்தது.

அதிகாரி விழித்தார். "என்ன பேசுனீங்க? பாதிகூடப் புரியலையே."

"வீட்டுச் சண்டை சார்," என்றாள் ஜோதிமணி. "பாட்டு வேணும்னா தேன் காலத்துல வாங்க. பாறையில கேக்கலாம்."

"இப்பவே கயிறு கட்டுங்க, நான் பிடிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் பாடுவாரா?"

குகன் சிரித்துவிட்டான். "நீங்க எங்க அக்காகூடப் பொறக்கலையே சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"எழுதிடுறேம்மா. பாட்டு வேணாம், உங்க பாஷையில போட்ட சண்டையே போதும். நீங்க பளியர்தான்."

"அது எங்களுக்குத் தெரியும் சார்," என்றாள் ஜோதிமணி.